பின் சீல்

மார்ச் 4

தம்பிக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்துவிட்டேன் என்று சொல்லாதே. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரர், உன் மாமா, இறந்துபோனதிலிருந்து நாம் பேசிய ஒவ்வொரு முறையும் அப்படித்தான் முடிந்தது. காகிதத்தில் யாரும் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அவருடைய ஸ்போர்ட்ஸ் காரில் ஆயில் ஒழுகுகிறது. காலையில் வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்தால், நின்ற இடத்தில் சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகத் தேங்கியிருக்கிறது. முந்தாநாள் மேட்டுச் சாலையில் ஏறும்போது கருகிய எண்ணெய் வாடை உள்ளேயே வந்தது.

ஆமாம், "எடுத்தால்" என்றுதான் எழுதியிருக்கிறேன். நான்தான் ஓட்டுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லிக்கொடுத்தார். "சிஸ்டர், ஆபரேஷன் முடிஞ்ச பேஷண்டைக் கட்டில்ல இறக்குவீங்கல்ல, அந்த மாதிரி கிளட்சை விடுங்க. தொப்புனு போடாதீங்க" என்பார். ஆபரேஷன் தியேட்டரில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு அந்தப் பாஷை உடனே புரிந்தது. உன் மாமா ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை. கிளட்ச் எரிந்துவிடுமாம்.

இங்கே இரண்டு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒருவன், "இதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கிற வண்டிம்மா" என்றான். இன்னொருவன் பானெட்டைத் திறக்காமலே, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றான். அந்த இன்ஜினைத் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்தான். அதனால் கேட்கிறேன். எங்கே ஒழுகுகிறது, என்ன செய்ய வேண்டும், அதை மட்டும் எழுது.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே பட்டறை பெஞ்சில் போட்டுவிட்டேன். கிரீஸ் பட்டு ஓரமெல்லாம் கறுத்த பிறகுதான் பிரித்தேன்.

நீ ஓட்டுகிறாயா? அந்தக் காரையா? "இந்தச் சக்களத்தி ஷெட்ல இருக்கிறவரைக்கும் இந்த மனுஷன் வீட்டுக்குள்ள வந்து நிம்மதியா ஒரு வாய் சாப்பிடப்போறதில்ல" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியவள் நீதானே? இப்போது சக்களத்தி மடியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாயாக்கும்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தரையைப் பார்த்து எங்கே ஒழுகுகிறது என்று சொல்ல முடியாது. ஆயில் ஓரிடத்தில் கசியும், இன்ஜின் உடம்பெல்லாம் வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும், சொட்டுவது வேறோர் இடமாக இருக்கும். இருந்தாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து அடியில் விரி. முன் சக்கரங்கள் எங்கே வருகின்றன என்று பேனாவால் அதில் குறித்துக்கொள். காலையில் பார்த்து, சொட்டு முன்பக்கமா, நடுவிலா, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்கு நேர் கீழேயா என்று எழுது. ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் பண்ணுமுன் கம்பியை உருவி ஆயில் அளவைப் பார். குறைந்திருந்தால் ஊற்று. காய்ந்த இன்ஜினை ஓட்டிக் கொன்றுவிடாதே.

அந்தக் காரை மாமா எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஷெட்டில் நானும் அவரும் மட்டும் இருந்தபோது சொன்னார். "டேய் ஸ்பேனர், எனக்கப்புறம் இவ உனக்குத்தான்டா." சாட்சி கேட்பாய். சாட்சி கிடையாது. அவர் போன அன்றைக்குச் சாவி எங்கே என்று உன்னிடம் கேட்டேன். கூடம் நிறைய ஆட்கள். "பொணம் இன்னும் வாசல் தாண்டல, அதுக்குள்ள உனக்குச் சாவி கேக்குதா?" என்றாய். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகும் உன்னால் எப்படி என்னிடம் ஆயிலைப் பற்றிக் கேட்க முடிகிறது?

ஸ்பேனர்

மார்ச் 19

தம்பிக்கு,

அட்டை விரித்தேன். முன்பக்கம் சுத்தம். நடுவிலும் ஒன்றுமில்லை. சொட்டு முழுவதும் நீ கடைசியாகச் சொன்ன இடத்தில்தான், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே. தினமும் அதே இடம். ஓட்டாத நாளில் குறைவு. ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் அதிகம்.

கூடத்தில் நான் சொன்னதை நானும் மறக்கவில்லை. அப்போது என் வாயில் வேறு எதுவும் வரவில்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவர் உனக்கு வாக்குக் கொடுத்தது பொய் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் நிறையக் கொடுத்தார். கூரையை மடக்கிவிட்டுக் கடலோரச் சாலையில் அழைத்துப்போகிறேன் என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புடவை மாற்றிக்கொண்டு ஷெட் வாசலில் போய் நின்றேன். இருப்பதே இரண்டு சீட். ஒன்றில் அவர், இன்னொன்றில் நீ, உன் மடியில் டூல் பெட்டி. "வால்வு சத்தம் கேட்குதான்னு ஒரு ரவுண்டு பார்த்துட்டு வந்துடறோம்" என்று கிளம்பினீர்கள். பொழுது சாய்ந்துதான் வந்தீர்கள். புடவையை மாற்றிக்கொண்டு சமைத்து வைத்திருந்தேன். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே வால்வைப் பற்றிப் பேசினீர்கள். சக்களத்தி என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

இப்போது அந்தக் காரில் எனக்கு இடம் இருக்கிறது. டூல் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன். முன் விளக்குகள் மூடிக்குள்ளிருந்து மேலே எழும்போது ஒன்று சோம்பேறித்தனமாக லேட்டாக எழுகிறது, யாரோ கண்ணடிக்கிற மாதிரி. இந்த வயதில் அதுவும் வேண்டித்தான் இருக்கிறது.

என்ன ஒழுக்கு அது? நேராகச் சொல்.

அக்கா

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். வருத்தமான செய்திதான். அது இன்ஜினின் பின்பக்கத்து சீல், பின் சீல் என்போம். இன்ஜினுக்குள் சுழலுகிற தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வருகிற இடத்தில் வட்டமாக ஒரு ரப்பர் சீல் இருக்கும். வயதாகி அது போய்விட்டது. அதற்குக் கை போக வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சைக் கழற்ற வேண்டும். தெருமுனை மெக்கானிக்குகள் செய்கிற வேலை இல்லை. அந்த வயது வண்டியை அவ்வளவு தூரம் பிரித்தால் திரும்பச் சேராது.

அப்படியே ஓட்டவும் கூடாது. ஆயில் கிளட்சில் படும், வழுக்கும். மேட்டில் ஏறும்போது நீ சொன்ன வாடை அதுதான். ஒருநாள் இறக்கத்தில் ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

விற்றுவிடு அக்கா. எனக்கு வேண்டாம், எனக்குத்தான் தர மாட்டாயே. இந்த மாதிரிப் பழைய வண்டிகளை இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்கிற ஆள் ஒருவர் உண்டு. கண்ணாடி போட்டவர், மரியாதையான மனிதர். எனக்கு நேரடிப் பழக்கம் கிடையாது, கேள்விப்பட்டதுதான். விலாசம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வந்து பார்ப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி

ஏப்ரல் 14

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பித்து "வேளைக்குச் சாப்பிடு" என்று முடித்திருந்தாய். அப்போதே எனக்கு லேசாக உறைத்தது. நீ அப்படி எழுதுகிறவன் இல்லை.

உன் கண்ணாடிக்காரர் வந்தார். அந்தக் காரின் பானெட்டைத் திறக்கும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று புதிதாக வருகிற யாருக்கும் தெரியாது. ஆம்புலன்ஸ் டிரைவர் அரைமணி நேரம் தேடினார். உன் ஆள் காருக்குள் குனிந்தார், சடக்கென்று திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பின் சீல்தாங்க. ரொம்ப மோசம்."

"அடியில குனிஞ்சு பார்க்கவே இல்லையே, எப்படித் தெரியுது?" என்றேன்.

"அனுபவந்தாங்க. வண்டியை எங்கிட்ட விட்டுடுங்க. ஸ்பேனர் அண்ணன் சொன்ன மாதிரி இன்னும் ஒரு மழைக்குத் தாங்காது."

"எந்த ஸ்பேனர் அண்ணன்?"

மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஷெட் கதவை இழுத்துச் சாத்தினேன். தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஒருவரை அனுப்பியது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். கசிகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறு என்று நீதான் எழுதியிருந்தாய். கோபத்தில் எழுதியது உண்மை. அன்பாக எழுதியதுதான் பொய். தியேட்டரில் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? துடைப்போம், காத்திருப்போம், பார்ப்போம். அதையே செய்தேன். டீசல் தொட்ட பிரஷ்ஷால் இன்ஜினைத் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற பவுடரை மேலிருந்து கீழ்வரை தூவினேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் பின்னால் விட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. அது ஆரம்பிக்கிற இடம் கீழே இல்லை. மேலே, இன்ஜின் தலையின் பின்புறம் செருகியிருக்கும் ஒரு சென்சாரின் கழுத்தில். அங்கிருந்து இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் வந்து சொட்டுகிறது.

உதிரிபாகக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "இந்த வண்டியில முதல்ல போறதே அந்தச் சென்சார் கழுத்துல இருக்கிற ரப்பர் ரிங்தாங்க. பார்க்கிறவங்க எல்லாம் பின் சீல்னு பயந்துடுவாங்க. உங்க தம்பிக்கு நல்லாத் தெரியுமே! முன்னாடியெல்லாம் அவர்தான் வந்து வாங்கிட்டுப் போவாரு." ஒரு சின்ன ரப்பர் வளையத்தை எடுத்து என் கையில் வைத்தார். மோதிர விரலில் போட்டால் கழன்று விழும், கட்டை விரலில் நிற்கும். அவ்வளவுதான்.

தெரிந்தே எழுதினாயா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்.

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

ஆமாம்.

நீ அட்டையைப் பற்றி எழுதியபோதே அந்த ரிங்தான் என்று தெரியும். தெரிந்துதான் பின் சீல் என்று எழுதினேன். கண்ணாடிக்காரன் என் பட்டறையில்தான் வேலை பார்க்கிறான். போதுமா? கேட்டுப் பார்த்தேன், கூட்டத்தில் வைத்து என் மானத்தை வாங்கினாய். அதனால் கேட்காமல் எடுக்கப் பார்த்தேன்.

அன்றைக்கு எதற்குச் சாவி கேட்டேன் என்று இதுவரை ஒரு தடவையாவது யோசித்திருக்கிறாயா? கூடத்தில் படுக்க வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்த மாமா மாதிரியே இல்லை. முகம் மழித்து, தலை வாரி, நகத்தில் அழுக்கே இல்லாமல், யாரோ ஆபீசர் மாதிரி கிடந்தார். காருக்குள் போய் உட்கார்ந்தால் அவர் வாடையாவது இருக்கும் என்று நினைத்தேன். அந்த வீட்டில் நான் உட்கார்ந்து அழ வேறு இடம் கிடையாது. போய்ப் பார்த்தேன், கதவு பூட்டியிருந்தது. அதற்குத்தான் சாவி.

அதுகூடப் போகட்டும். அவருடைய மூச்சு மிஷினை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நீ. நான் வந்துகொண்டே இருந்தேன். பாதி வழியில் இருந்தேன். உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை அவர் கையைத் தொட்டிருப்பேன். ஒரு அரை நாள் உன்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா அம்மா போன பிறகு என்னை எடுத்து வளர்த்தவள் நீ, அதை நான் மறுக்கவில்லை. நீ சோறு போட்டாய். ஆனால் என்னை ஆளாக்கியவர் அவர். அவரிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட என்னை நீ விடவில்லை.

ரிங்கைப் போட்டுக்கொள். சந்தோஷமாக ஓட்டு.

ஒன்று மட்டும். இதைக் கோபத்தில் சேர்த்துவிடாதே. டேஷ்போர்டில் மாமா தனியாக வைத்த ஆயில் பிரஷர் மீட்டர் இருக்கிறது இல்லையா? அதற்கு இன்ஜினிலிருந்து வருகிற குழாய் வெறும் பிளாஸ்டிக். அவசரத்துக்கு அவரே போட்டது. சூடான சைலன்ஸர் குழாய்க்கு மேலே போகிறது. கம்பி பின்னிய குழாய் போட வேண்டும் என்று இருந்தோம், அதற்குள் அவர் படுத்துவிட்டார். அது வெயிலில் காய்ந்த குச்சி மாதிரி ஆகியிருக்கும். பிளந்தால் ஆயில் சொட்டாது, பீச்சியடிக்கும். தூரமாக எங்கும் எடுத்துப் போகாதே. முதலில் அதை மாற்று.

ஸ்பேனர்

ஏப்ரல் 29

தம்பிக்கு,

ரிங்கை மாற்றிவிட்டேன். நானேதான். சென்சார் இருந்த நிலையைக் கழற்றுமுன் நெயில் பாலிஷால் கோடு போட்டுக்கொண்டேன், திரும்ப அதே கோட்டில் உட்கார வேண்டுமே. இடுக்கில் கை போகாமல் புறங்கையெல்லாம் சிராய்ப்பு. பழைய ரிங் ரப்பர் மாதிரியே இல்லை, இழுத்ததும் பொடிந்தது. புதியதை ஆயிலில் தோய்த்துப் போட்டேன். இன்ஜின் தலைக்கு மேல்மூடியான டேப்பட் கவர் மூலையிலும் லேசான ஈரம் இருந்தது. அதற்கும் அடியிலிருக்கும் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றி, மூலைகளில் பசை வைத்து மூடினேன். இரண்டு வாரமாகப் போகிறது, அட்டை காய்ந்தே கிடக்கிறது. நீ சேராது என்று சொன்ன வண்டி.

மிஷின் விஷயம். நீ கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அன்று காலையிலிருந்து உனக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்தேன். எடுக்கவில்லை. எவனோ ஒருவனுடைய காருக்கு அடியில் கிடந்திருப்பாய். நீ எடுத்தபோது டாக்டர்கள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். உறவுக்காரர் வரட்டும் என்று மிஷினை ஓடவைத்த பல கட்டில்களுக்குப் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். அந்த அரை நாளில் அந்த உடம்புக்கு என்னவெல்லாம் செய்வோம் என்று உனக்குத் தெரியாது. செய்கிறவள் நான். நீ தொட்டுப் பார்ப்பதற்காக அவரை அப்படி வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. தப்பு என்று நீ சொன்னால் சொல்லிக்கொள். மறுபடி நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

சாவி எதற்கென்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "அக்கா, எனக்கு அழணும்" என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். நீங்கள் இரண்டு பேரும் வால்வைப் பற்றி அவ்வளவு பேசுவீர்களே.

இப்போது புதிதாக ஒரு பிளாஸ்டிக் குழாய். தூரமாகப் போகாதே என்கிறாய். பின் சீல் பலிக்கவில்லை, அதனால் குழாய். அடுத்த கடிதத்தில் சக்கரம் கழன்றுவிடும் என்பாயா? பானெட்டைத் திறந்து பார்த்தேன். குழாய் முழுசாகத்தான் இருக்கிறது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. இனிமேல் எனக்கு யோசனை சொல்லாதே.

அக்கா

மே 3

அக்கா,

என்னை நம்பாதே. நான் பொய்யன். திருடன். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆனால் குழாயை மாற்று. நான் ஆள் அனுப்பவில்லை, நானும் வரவில்லை. அந்த உதிரிபாகக் கடைக்காரரைக் கேள், ஆம்புலன்ஸ் டிரைவரைக் கேள், யாரை வேண்டுமானாலும் கேள். கைபோட்டு வளைத்துப் பார்க்கச் சொல். பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும். குழாய் இப்படித்தான் பிளக்கும், ஒழுகிக் காட்டிவிட்டுப் பிளக்காது.

மாற்றியதும் ஒரு வரி எழுது.

ஸ்பேனர்

மே 24

அக்காவுக்கு,

ஒரு வரி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஆஸ்பத்திரியிலிருந்து போன்தான் வந்தது.

வந்தேன். மருந்தின் மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டு, தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். வார்டு சிஸ்டர், "எழுப்பட்டுமா? தம்பின்னு சொன்னா முழிச்சுப்பாங்க" என்றாள். வேண்டாம் என்றேன். நீ கண் திறந்து என்னைப் பார்க்கும்போது என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் போனேன். எரிந்த காரை வேலி ஓரம் நிறுத்தியிருக்கிறார்கள். கூரைத் துணி இல்லை, சீட்டில் ஸ்பிரிங் மட்டும்தான். பானெட்டுக்குக் கீழே கை விட்டுப் பார்த்தேன். குழாயில் இன்ஜின் பக்கம் ஒரு விரல் நீளம்தான் மிச்சம். சைலன்ஸர் குழாய்க்கு மேலே வருகிற இடத்தோடு அது முடிந்துவிட்டது. உனக்குப் பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னதைப் போலீஸ்காரர் சொன்னார். "அந்தம்மா புகை வந்ததும் ஓரங்கட்டிட்டாங்க. ஓடிப்போயிருக்கலாம். பானெட்டைத் தூக்கிப் பார்த்தாங்க, அப்பதான் குபுக்குனு பத்திக்கிச்சு. அப்பவும் கையில கிடச்ச துணியப் போட்டு அணைக்கப் பாத்தாங்க. நான்தான் இடுப்பைப் பிடிச்சு இழுத்துப் போட்டேன்."

"சொன்னேனே" என்று எழுதலாம். எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை.

இரண்டு கேள்வி. பின் சீல் என்று நான் எழுதாமல் இருந்திருந்தால், குழாயைப் பற்றி எழுதியபோது நீ மாற்றியிருப்பாயா? இதற்கு எனக்காக மழுப்பாதே.

இன்னொன்று. கார் எரிந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். தாரில் கறுப்பாக இருக்கிறது. அந்தச் சாலை என் ஊருக்குத்தான் வருகிறது. வேறு எங்கும் போகாது. எங்கே கிளம்பினாய் அக்கா?

ஸ்பேனர்

ஜூன் 8

தம்பிக்கு,

எழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும். இடது கை. இதை முடிக்க நான்கு நாளாயிற்று.

முதல் கேள்விக்குப் பதில்: மாற்றியிருப்பேன். அன்றைக்கே மாற்றியிருப்பேன். நீ மழுப்பாதே என்றாய்.

மீட்டர் முள் சடாரென்று கீழே விழுந்தது. அப்புறம்தான் வாடை. அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, நீ சொன்னது இதுதான் என்று. பயம் வரவில்லை. அவன் உண்மையைச் சொல்லியிருக்கிறானே என்றுதான் முதலில் தோன்றியது. பானெட்டைத் திறந்திருக்கக் கூடாது. கழுவி, பவுடர் போட்டு, ரிங் மாட்டி, என் கையால் சரிசெய்த இன்ஜின் அது. அப்படியே விட்டுவிட்டு ஓட முடியவில்லை.

கை பிழைத்தது. விரல்கள் பாதிதான் மடங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனையோ வருஷம் அவர் கைக்குக் கத்தரியும் ஊசியும் எடுத்துக் கொடுத்தவள் நான்; என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை, கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தியேட்டரில் இனி எனக்கு வேலை இல்லை. துணி மடித்து அடுக்குகிற அறையில் போட்டிருக்கிறார்கள். அங்கே ஜன்னல் இருக்கிறது என்று சொல்லி எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.

நீ வந்துவிட்டு நான் விழிக்கும்முன் போனதைச் சிஸ்டர் சொன்னாள். "ரொம்ப நேரம் நின்னாரு மேடம், அழுத மாதிரி இருந்துச்சு" என்றாள். அழுகிறவன் உட்கார்ந்து அழுதிருக்கலாம். நாற்காலி இருந்தது. சாவி எதுவும் தேவையில்லை.

இரண்டாவது கேள்வி. உன் ஊருக்குத்தான் கிளம்பினேன்.

அன்பு என்று நினைத்துக்கொள்ளாதே. அழ இடம் இல்லை என்று நீ எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை, அது உண்மை. அதற்காக மட்டும் கிளம்பவில்லை. ஒரு சொட்டு ஒழுகாத காரை உன் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். உன் ஆட்கள் எல்லோரும் பார்க்க, அந்தக் கண்ணாடிக்காரனும் பார்க்க, சாவியை உன் பெஞ்சில் போட வேண்டும். "உங்க மாமா கொடுக்கச் சொன்னாராம், வெச்சுக்கோ. பின் சீல் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் பஸ் ஏறிவிட வேண்டும். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கொடுப்பதும் உன்னைக் குத்துவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தூரமாகப் போகாதே என்று நீ எழுதியிருந்தாயே, அதை நான் எப்படிப் படித்தேன் தெரியுமா? என் வாசலுக்கு வராதே என்று.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இடது கையும் வரமாட்டேன் என்கிறது. நீயும் மிஷின் விஷயத்தில் என்னை மன்னிக்க வேண்டாம். இருக்கிறபடியே இருக்கட்டும்.

போலீஸ்காரர்கள் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி நச்சரிக்கிறார்கள். பழைய இரும்புக்காரன் ஒருவன் ஏற்கெனவே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். முன்பின் தெரியாத ஒருவன் அதை இழுத்துக்கொண்டு போவதை என்னால் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இழுவை லாரியோடு வா. எரிந்தது எரிந்தபடி எடுத்துக்கொண்டு போ, என்ன வேண்டுமானாலும் செய்துகொள். இனி அது உன்னுடையது. நானும் அங்கே இருப்பேன். சமாதானம் பேச இல்லை. நீ கொக்கியை மாட்டு, நான் வேலிப் பக்கம் எட்ட நிற்கிறேன். மாட்டி முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிடு. நீ அழுவதை நான் பார்க்க வேண்டாம். என் கையை நீ பார்க்க வேண்டாம்.

அக்கா